சைக்கிள் கடையில் எட்டு ஜிபிஎஸ்

சைக்கிள் கடையில் வேலை பார்ப்பவர்களிடம் ஊர் கேட்கும் கேள்விகள் மொத்தமே இரண்டுதான்: ஒன்று, "காத்து இருக்குதா?" இன்னொன்று, கண்ணாடி அலமாரியில் இருக்கும் எதையாவது காட்டி, "இது நமக்கு வேணுமா?"

முதல் கேள்விக்கு கம்ப்ரஸர் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு யாராவது வாயைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும். செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் இருக்கிற எங்கள் கடையில், அப்படி வாயைத் திறக்க வைக்கப்பட்டிருப்பவள் நான். துணிக்கடையிலோ செல்போன் கடையிலோ, எங்கேயாவது நின்றுகொண்டு "எடுத்துக்குங்க, நல்லா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய என் இனத்தாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் படித்தால் முதலில் பெருமூச்சு விட்டுவிட்டு அப்புறம் சிரிப்பீர்கள்.

எட்டுப் பெட்டி

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஜூலை மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் டிகிரி என்னுடையது. நைனா கரும்பு வெட்டப் போகிறவர். அந்த டிகிரி ஒரு வேலையாக மாறுமா என்று பார்க்க ஒரு தெருவே காத்திருந்தது. நான் சேர்ந்த அதே வாரத்தில் முதலாளி கோயமுத்தூரில் ஏதோ கண்காட்சி பார்த்துவிட்டு எட்டுப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். எட்டும் சைக்கிளில் மாட்டுகிற ஜிபிஎஸ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஹேண்டில்பாரில் பொருத்திவிட்டால் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு மேடு ஏறினோம், எந்த வழியாகப் போக வேண்டும் என்று எல்லாம் சொல்லும். அதற்குக் கொடுக்கிற விலைக்கு எங்கள் கடையிலேயே ஒரு நல்ல சைக்கிள் கிடைக்கும். ஒன்றைப் பிரித்து டெமோவுக்கு வைத்துவிட்டு, மீதியை அலமாரியில் கண்ணுக்கு நேராக அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மூணு மாசம் டைம்மா. இதெல்லாம் போச்சுன்னா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடுறேன். போகலைன்னா பார்க்கலாம்" என்றார்.

இந்தப் "பார்க்கலாம்" உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் கோபம் இருக்காது, மிரட்டல் இருக்காது. ஆனால் ராத்திரி படுத்தால் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு எனக்கு ஒரு குறை உண்டு: பொய் சொல்ல வராது. நேர்மை என்று பெருமைக்குச் சொல்லவில்லை, அது பயம். செஞ்சி சின்ன ஊர். இன்றைக்கு ஒருவரிடம் பொய் சொல்லி ஒன்றை விற்றால் நாளைக்கு அவரையே பஸ் ஸ்டாண்டில் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் உட்கார்ந்து, கூட வந்த புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, இதில் வருவதில் முக்கால்வாசி எல்லோர் கையிலும் இருக்கிற போனிலேயே வரும் என்று. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் எங்கள் மெக்கானிக் தாஸ் அண்ணனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்மாம் வெலை குடுத்து வாங்கினு வந்திருக்காரு, ஒண்ணுலயாவது பெல் இருக்குதா பாரும்மா."

தப்புக்கு ஒரு பட்டன்

முதலில் கேட்டு வந்தவர் அனந்தபுரம் பக்கத்து விவசாயி. டிராக்டர் டியூபுக்கு ஒட்டுப் போட வந்தவர் அலமாரியில் ஜிபிஎஸ் என்ற எழுத்தைப் பார்த்துவிட்டார். "இதை வெச்சினு நெலம் அளக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்து நிலத்துக்காரர் வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி இவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வருகிறாராம். சர்வேயர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்கிறாராம். "சைக்கிளைத் தள்ளினு வரப்பைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தேன்னு வெச்சுக்க, கரெக்டா காட்டிடுமா?" என்றார். அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. எனக்கோ முதல் விற்பனை கண்ணெதிரே நிற்கிறது.

மூச்சை இழுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். "ஐயா, இது வழி காட்டத்தாங்க, நெலம் அளக்க இல்ல. பத்தடி வரைக்கும் முன்ன பின்ன காட்டும். வரப்புல மரம் இருந்தா இன்னும் கூட." அவர் கை பையிலிருந்து வெளியே வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எங்க சண்டையே நாலடிக்குத்தாம்மா. சரி, தப்பா காட்டுனாலும் என் பக்கமா சேத்துக் காட்டுற மாதிரி எதனா பட்டன் இருக்குதா பாரு."

அவலூர்பேட்டை பஸ்

எதையும் தானே பயன்படுத்திப் பார்க்காமல் விற்கக் கூடாது என்பது என் கட்சி. முதலாளியிடம் அனுமதி வாங்கி, டெமோவைக் கடை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒரு மாலை கோட்டைப் பக்கமாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பதிவை நிறுத்தினேனா என்றால், இல்லை. ஐந்தரைக்கு எங்கள் கிராமத்து வழியாகப் போகும் அவலூர்பேட்டை பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். வீட்டில் வைஃபை கிடையாது. காலையில் கடைக்கு வந்ததும் அந்தப் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் கடை வைஃபை வழியாக, ஆப்பில் கடை பெயரில் இருந்த கணக்கில் ஏற்றிவிட்டது. செஞ்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் ஒரு குழு இருக்கிறது. ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க் காசாளர், இரண்டு வாத்தியார்கள். அவலூர்பேட்டை ரோட்டில் யார் வேகம் என்று போனில் அதே ஆப்பில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கும் அரை நிமிஷத்துக்கும் அடித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலின் உச்சியில் அன்று காலை எங்கள் கடையின் பெயர் இருந்தது.

பத்து மணிக்கு நாலு பேரும் கடைக்கு வந்துவிட்டார்கள். "யாரும்மா ஓட்டுனது?" என்றார் பல் டாக்டர். தாஸ் அண்ணன் ஒன்றும் தெரியாமல் பெருமையாக என்னைக் காட்டினார். காசாளர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வாத்தியார் ஒருவர், "பாத்தீங்களா, சத்தமே இல்லாம ஒரு பொண்ணு" என்று மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. சும்மா இருந்திருந்தால் நாலு பேரும் அந்தப் பெட்டியால்தான் வேகம் வந்தது என்று நினைத்து ஆளுக்கு ஒன்று வாங்கியிருப்பார்கள். அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சார், நான் ஓட்டலை. அஞ்சரை பஸ்ஸுல போனேன். ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

காசாளர் சிரிக்க ஆரம்பித்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர் மட்டும் சிரிக்காமல் டெமோவை வாங்கி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தமும், ஆட்டு மந்தைக்காக நின்ற இடமும்கூட அதில் இருந்தது. அவர் போன் வெயிலில் சூடாகி பாதி வழியில் அணைந்துவிடுகிறதாம். போன ஞாயிறு அவர் ஓட்டியதில் பாதிக்குக் கணக்கே இல்லையாம். "இது எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றார். "பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல தாங்கும் சார். உங்களுக்கு இது பிரயோஜனம்தான்" என்றேன். அப்படி மனதாரச் சொல்ல முடிந்தது அதுதான் முதல் தடவை. பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "நான் வாங்கிக்கிறேன், ஆனா அந்த டிரைவரை மட்டும் எங்க குரூப்புல சேத்துடாத."

சோறு போடும் வழி

ஆகஸ்ட் மாதம் தாஸ் அண்ணனின் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிள்களைச் சரிபார்க்க வந்தார்கள். கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு சைக்கிளிலேயே போகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் அந்தோணி அண்ணன். பதினேழு வருஷமாகப் போகிறாராம். இத்தனை தூரம், இத்தனை பேர், கடலோரம் வரை பயணம். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவர்களுக்கு இது நிச்சயம் வேண்டும். டெமோவை எடுத்து வழி போட்டுக் காட்டினேன். அவர்கள் வழக்கமாகப் போகும் வழியைவிடத் தூரம் நல்ல குறைச்சல். அந்தோணி அண்ணன் வியந்துபோனார். எல்லோரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது ஒருவர், "மொத நாள் மத்தியானம் சோறு எங்க?" என்று கேட்டார். வழக்கமாக ஒரு கிராமத்தில் கோயில் வாசலில் பந்தல் போட்டு இவர்களுக்குச் சாம்பார் சாதம் போடுவார்களாம். குறுக்கு வழியில் அந்த ஊர் இல்லை. சரி என்று அந்த ஊரைச் சேர்த்தேன். தூரம் கொஞ்சம் கூடியது. "ராத்திரி படுக்கிறது?" அதற்கு ஒரு பங்குக் கோயில் இருக்கிறது, அங்கே ஃபாதர் பள்ளிக்கூட ஹாலைத் திறந்துவிடுவார். அதையும் சேர்த்தேன். "ரெண்டாம் நாள் காலையில கேப்பைக் கூழு குடுப்பாங்களே, அந்தம்மா வருஷா வருஷம் நம்மளை எதிர்பாத்துனு இருப்பாங்க." அந்த அம்மாவையும் சேர்த்தேன். "போன வருஷம் செயின் அறுந்தப்ப ராத்திரியோட ராத்திரியா வெல்டிங் வெச்சுக் குடுத்தாரே ஒரு பாய், அவரைப் பாக்காம போனா நல்லா இருக்குமா?" பாயையும் சேர்த்தேன். மோர் தருகிறவர்கள், காலுக்கு வெந்நீர் தருகிறவர்கள், ஒருவருடைய மாமியார் வீடு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயிற்று.

கடைசியில் பொத்தானை அழுத்தினேன். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வழியைக் காட்டியது. பதினேழு வருஷமாக அவர்கள் போகும் அதே வழி, ஒரு திருப்பம்கூட மாறவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, உங்களுக்கு இது வேணாம்" என்றேன். அவர்களில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. சொல்லப்போனால் ஒரு பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணி அண்ணன் டெமோவை என் கையில் திருப்பிக் கொடுத்து, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்: "பரவால்லம்மா, இதுவும் அறிவாளியாத்தான் இருக்குது. எங்க வழி சரின்னு ஒத்துக்கிச்சே."

நூல்கண்டு

டீச்சர் அம்மா ஒருவர் கணவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். கணவருக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். அவரும் தினமும் ஒரு மணி நேரம் சைக்கிளோடு வெளியே போகிறார். ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. "இவர் ஓட்டுறாரா, இல்ல எங்கனா டீக்கடையில குந்திக்கினு இருக்காரான்னு எனக்குத் தெரியணும்" என்றார் டீச்சர். கணவர் டீச்சருக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணால் ஏதோ சொன்னார். டீச்சர் ஹெல்மெட் பார்க்க நகர்ந்ததும் அருகில் வந்து, "பாப்பா, நின்னா நின்னுதுன்னு காட்டுமா?" என்று கேட்டார். "காட்டும் சார்." "வேற மாதிரி சொல்லேன்." "சார், அது எனக்கு வராது." அவர் ஒரு பெருமூச்சு விட்டார். டீச்சரிடமும், போனிலேயே இதைப் பார்க்க முடியும் என்று சொன்னேன். "போனை அவர் வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடுவாரு. இதை வண்டியில பூட்டிடலாம் இல்ல?" என்றார். பூட்டலாம். இரண்டாவது பெட்டி விற்றது.

பத்து நாள் கழித்து டீச்சர் போனோடு வந்தார். கணவரும் பின்னாலேயே. "தினமும் கிலோமீட்டர் கரெக்டா வருதும்மா. ஒரு நிமிஷம்கூட நிக்கலைன்னு காட்டுது. ஆனா மேப்புல இது இன்னா?" வாங்கிப் பார்த்தேன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நேர்க்கோடு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரே இடத்தில், சின்னதாக ஒரு நூல்கண்டு. அப்புறம் திரும்பி வீட்டுக்கு ஒரு நேர்க்கோடு. மனுஷர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, டீக்கடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். தினமும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் பார்த்தேன். "டீச்சர், அது டீக்கடை" என்றேன்.

டீச்சர் என் மேல் கோபப்படவில்லை, அவர் மேலும் படவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கணவரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்: "அது டீக்கடைன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு டீக்கு எத்தினி சுத்துன்னு கேட்டுச் சொல்லு, சக்கரை இல்லாம போட்டு நானே வீட்டு வாசல்ல நின்னு குடுக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள்

செப்டம்பர் வந்துவிட்டது. விற்றது இரண்டு. அலமாரியில் ஐந்து. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால், தெருவில் யார் யார் எப்படிக் கேட்பார்கள் என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். "டிகிரி படிச்சும் இன்னா ஆச்சு?" என்பதை ஒரு பெரியம்மா குரலில் முழுசாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் வந்தவர் அப்பாண்டைராஜன் சார். செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார், வீடு மேல்சித்தாமூரில். காலையும் மாலையும் சைக்கிள்தான். அவரிடம் நான் தூரம், வேகம், ஏற்றம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வழக்கம்போல, "உங்களுக்குத் தெரிஞ்ச ரோடு, தினமும் போற வழி, போனே போதும் சார்" என்றும் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. "இது இன்னாம்மா, சூரியன் படம் போட்டிருக்குது?"

அது சூரியன் மறைகிற நேரம். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. எதற்கும் உதவாதவை என்று மனதில் நான் வைத்திருந்த பட்டியலில் அதுதான் முதலில். "வீட்டுக்குப் போய்ச் சேருற நேரத்தையும் இதுக்குப் பக்கத்துல காட்டுமா?" என்று கேட்டார். வைத்துக் காட்டினேன். இரண்டு நேரமும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. அவர் அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சமணர்கள், வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுகிற வழக்கம் இல்லை. மண்டியில் நேரமாகிவிட்டால் வழியிலேயே இருட்டிவிடும், அன்றைக்குப் பட்டினிதான். "இந்த வாரத்துல ரெண்டு நாள் ஆயிடுச்சு. நான் விரதம் இருக்கேன்னு நெனைச்சு என் மச்சான் கையெடுத்துக் கும்புடுறாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் கடமை விடவில்லை. "சார், இதுவும் போன்ல வருமே." அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "போனைத் தொட்டா மண்டியிலேர்ந்து கூப்புடுவான். நின்னு பேசி முடிக்கிறதுக்குள்ள பொழுது பூடும். இது பேசாது இல்ல?" பேசாது. மூன்றாவது பெட்டிக்குப் பில் போட்டேன்.

மறுநாள் காலை மண்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். சைக்கிளில் இருந்து இறங்கவில்லை. ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலரச் சொன்னார்: "பதினோரு நிமிஷம் மிச்சம் இருந்துச்சும்மா. ஒன்பது இட்லி."

இருபது

மூன்று மாதம் முடிகிற அன்று, பார்த்து வைத்த மாதிரி, கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். இருபது எடுத்தால் நல்ல தள்ளுபடி, கடைக்கு விளக்கு வைத்த ஒரு ஸ்டாண்டு இலவசம் என்று சொல்லச் சொல்ல, முதலாளியின் முகத்தில் அந்த விளக்கு இப்போதே எரிய ஆரம்பித்துவிட்டது. தலையைத் திருப்பி, "இன்னாம்மா, எடுத்துடலாமா?" என்று என்னைக் கேட்டார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "எடுக்கலாம்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபதையும் விற்க ஒரு ஆள் வேண்டும், இன்னும் ஆறு மாதத்துக்காவது என் வேலைக்கு ஆபத்தில்லை. "வேண்டாம்" என்றால், கொடுத்த கெடுவில் எட்டையே விற்க முடியாதவள் என்று கம்பெனி ஆள் முன்னால் நானே ஒப்புக்கொள்வதாக ஆகும். இந்த இடத்தில் நின்றிருக்கிற உங்களில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

"வேணாம்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. "நம்மூர்ல இது தேவைப்படுறவங்க கொஞ்சம் பேர்தாண்ணா. போன் தாங்காத அளவுக்கு ரொம்ப நேரம் ஓட்டுறவங்க. தெரியாத ரோட்டுல தனியா போறவங்க. ஓட்டுறப்ப போனைத் தொடவே கூடாதுன்னு இருக்கிறவங்க. இவங்களுக்கு நான் தைரியமா விப்பேன். மத்தவங்க கேட்டா போனே போதும்னுதான் சொல்வேன், அதுதான் நெஜம். இருக்கிற நாலு பெட்டி போறதுக்கே பொங்கல் தாண்டிடும். மூணுதான் வித்தேன். ஆனா அந்த மூணுல ஒண்ணுகூடத் திரும்பி வரலைண்ணா." கம்பெனி ஆள் டேப்லெட் உறையை மெதுவாக மூடினார். முதலாளியைப் பார்த்து, "சார், இவங்க உங்க கடையிலதானே வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். பின்னால் தாஸ் அண்ணன் வீல் சுற்றுவதை நிறுத்திவிட்டது எனக்குக் கேட்டது.

முதலாளி அலமாரியைப் பார்த்தார். நாலு பெட்டியையும் பார்த்தார். பிறகு கம்பெனி ஆளை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், தோளில் கை போட்டு ஏதோ பேசி அனுப்பிவைத்தார். நான் என் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். அது ஏன் என்று எனக்கே தெரியாது, கை தானாகச் செய்தது. திரும்பி வந்த முதலாளி அந்தப் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "வாங்கு வாங்குன்னு சொல்றதுக்கு எனக்கு ஊர் பூரா ஆள் இருக்குது. கோயமுத்தூர்ல வேணாம்னு சொல்ல ஒரு ஆள் இல்லாமதான் எட்டு வாங்குனேன். பையைக் கீழ வெய்யி, பர்மனென்ட் ஆளு நாலு மணிக்கே கெளம்புனா நல்லாவா இருக்குது?"

ஆக, சைக்கிளுக்கு ஜிபிஎஸ் வேணுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. என்ன, இப்போது அது பர்மனென்டாகக் கலங்குகிறது.